டார்மகோய்ஃப் மீது லைட்னிங் போல்ட் போட்டால் சாகுமா, பிழைக்குமா?

ஞாயிறு ஆட்டம்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்கு வயது பதினான்கு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நானும் அவனும் மேஜிக் தி கேதரிங் என்ற அட்டை ஆட்டம் விளையாடுவது வழக்கம். சென்ற வாரம் எங்களுக்குள் எழுந்த ஒரு கேள்விக்கு இருவராலும் விடை காண முடியாமல், நாணயத்தைச் சுண்டிப் போட்டுத் தீர்த்துக்கொண்டோம். நாணயம் என் பக்கம் விழுந்தது; ஆட்டத்தையும் நானே வென்றேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. விடை தெரிந்தவர்கள் விளக்கினால் அதை அவனிடம் சொல்ல விரும்புகிறேன்.

நிலைமை இதுதான். அவனிடம் டார்மகோய்ஃப் என்ற ஒரு கிரீச்சர் (போரிடும் உயிரி) இருந்தது. கிரேவ்யார்டுகளில், அதாவது பயன்படுத்தி முடிந்த அட்டைகள் சேரும் குவியல்களில், எத்தனை வகை அட்டைகள் கிடக்கின்றனவோ அதுவே அதன் பவர் (தாக்கும் வலிமை); அதைவிட ஒன்று கூடுதல் அதன் டஃப்னஸ் (தாங்கும் வலிமை). எங்கள் இருவருடைய கிரேவ்யார்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் கிரீச்சர், லேண்ட் (மந்திரச் செலவுக்கான மனாவைத் தரும் நிலம்) என இரண்டே வகை அட்டைகள் கிடந்தன. ஆகவே டார்மகோய்ஃப் 2/3, அதாவது பவர் 2, டஃப்னஸ் 3. என்னிடம் 3 லைஃப் எஞ்சியிருந்தது. தடுப்பதற்கு ஒரு கிரீச்சர்கூட இல்லை. அவன் டார்மகோய்ஃபைக் கொண்டு தாக்கியதும், கையில் கடைசியாக இருந்த லைட்னிங் போல்ட்டை, 3 சேதம் செய்யும் இன்ஸ்டன்ட் வகை அட்டையை, அதன் மீது போட்டேன். மூன்று சேதம், மூன்று டஃப்னஸ், ஆகவே செத்தது என்று சொல்லி அட்டையை எடுக்கச் சொன்னேன். அவன் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்க மறுத்துவிட்டான். "மாமா, போல்ட் கிரேவ்யார்டுக்குப் போனால் அங்கே இன்ஸ்டன்ட்டும் சேர்ந்துவிடும். அப்போது இது 3/4 ஆகிவிடும்" என்றான். செத்த பிறகு வளர்ந்து என்ன பயன் என்று நான் கேட்டேன். அதற்கு அவனிடமும் பதில் இல்லை.

எங்களில் யார் சொன்னது சரி?

பழைய டெக்:

நீங்கள் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து. போல்ட் முதலில் சேதத்தைச் செய்கிறது. சேதம் விழுந்த அந்தக் கணத்திலேயே டார்மகோய்ஃபின் டஃப்னஸ் தீர்ந்துவிடுகிறது. போல்ட் கிரேவ்யார்டுக்குப் போவது அதற்குப் பின் நடப்பது. பல ஆண்டுகள் விளையாடி, இடையில் நெடுங்காலம் விட்டிருந்து, இப்போது மீண்டும் தொடங்கியிருப்பவன் நான். எங்கள் குழுவில் அந்நாளில் இப்படித்தான் ஆடினோம்.

ஏழாம் அடுக்கு:

வணக்கம். உள்ளூர்ப் போட்டிகளில் நான் ஜட்ஜாகப் பணியாற்றுகிறேன். இந்தக் கேள்விக்கு ஐயமற்ற விடை உண்டு: தங்கை மகன் சொன்னதுதான் சரி. டார்மகோய்ஃப் பிழைக்கிறது. அவனால் சொல்ல முடியாமல் போன காரணத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காரணம் இந்த ஓர் அட்டைக்கு மட்டும் உரியதன்று.

"சேதம் விழுந்த கணத்திலேயே சாகும்" என்று நண்பர் பழைய டெக் எழுதியிருக்கிறார். மேஜிக்கில் அப்படி ஒரு கணம் கிடையாது. லைட்னிங் போல்ட்டின் வேலை 3 சேதம் செய்வது மட்டுமே. கொல்வது அதன் வேலையன்று. கிரீச்சரைக் கொல்வது ஆட்டமே தானாக நடத்தும் ஒரு சரிபார்ப்பு. ஸ்டேட்-பேஸ்டு ஆக்‌ஷன் என்று நாம் அழைப்பது அதைத்தான். விதிநூலில் 704ஆம் பிரிவு முழுவதும் அதற்கே உரியது. ஒரு கிரீச்சரின் டஃப்னஸ் பூஜ்யத்துக்கு மேல் இருந்து, அதன் மீது பதிந்துள்ள சேதம் அந்த டஃப்னஸுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அது அழிக்கப்படும் என்பது 704.5g. இந்தச் சரிபார்ப்பு எப்போது நடக்கிறது என்பதில்தான் உங்கள் வழக்கின் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. ஒரு வீரருக்கு ப்ரையாரிட்டி, அதாவது செயல்படும் வாய்ப்பு, கிடைக்கப்போகும் ஒவ்வொரு முறையும், அது அவர் கைக்குப் போவதற்குச் சற்று முன்பாக ஆட்டம் மேசையைப் பார்க்கிறது. ஒரு மந்திரம் ரிசால்வ் ஆகிக்கொண்டிருக்கும்போது, அதாவது அதன் விளைவு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஒருபோதும் பார்ப்பதில்லை.

இனி உங்கள் போல்ட்டைப் படிப்படியாகப் பாருங்கள். போல்ட் ரிசால்வ் ஆகத் தொடங்குகிறது. டார்மகோய்ஃப் மீது 3 சேதம் பதிகிறது; அப்போது அது 2/3தான், ஆனால் யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை. அடுத்து, போல்ட் தன் உரிமையாளரின் கிரேவ்யார்டுக்குப் போகிறது. இது ரிசால்வ் ஆவதன் கடைசிப் பகுதியே தவிர, அது முடிந்த பிறகு தனியாக நடக்கும் நிகழ்ச்சி அன்று. இப்போது கிரேவ்யார்டுகளில் கிரீச்சர், லேண்ட், இன்ஸ்டன்ட் என மூன்று வகைகள். டார்மகோய்ஃப் 3/4. இதற்குப் பிறகுதான் ஆட்டம் சரிபார்க்கிறது. நான்கு டஃப்னஸ் உள்ள கிரீச்சர் மீது மூன்று சேதம் இருப்பதைப் பார்த்துவிட்டு, எதுவும் செய்யாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. நீங்கள் அவனிடம் "செத்த பிறகு" என்று சொன்னீர்கள். அது சாகவே இல்லை, சாவதற்கு அதற்கு வாய்ப்பே வரவில்லை.

ஒரு கிரேவ்யார்டில் முன்பே ஓர் இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் கதை வேறு. கிரீச்சரும் இன்ஸ்டன்ட்டும் மட்டும் கிடக்கும்போது டார்மகோய்ஃப் 2/3 என்றால், போல்ட் போய்ச் சேர்ந்தும் புதிய வகை எதுவும் கூடாது, அது செத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது தாக்கிக்கொண்டிருந்தது என்றும், உங்களிடம் 3 லைஃப் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். டார்மகோய்ஃப் 3/4 ஆனபோது டஃப்னஸ் மட்டும் கூடவில்லை, பவரும் மூன்றாயிற்று. போல்ட் போடாமல் இருந்திருந்தால் நீங்கள் 1 லைஃபுடன் பிழைத்திருப்பீர்கள். போட்டதால் அந்தத் தாக்குதலிலேயே ஆட்டம் முடிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு ஆட்டம்:

கடைசிப் பத்தியைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பவரும் கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அவனுக்கும் தோன்றவில்லை. அவன் தன் கிரீச்சரைக் காப்பாற்றத்தான் வாதாடினான். அந்த ஆட்டத்தை அவன் வென்றிருக்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாமலே போயிருக்கிறது. மிக்க நன்றி.

பழைய டெக்:

தவறான விடை கொடுத்ததற்கு வருந்துகிறேன். என் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதினால் என்னைப் போல் திரும்பி வந்தவர்களுக்கு உதவக்கூடும். எங்கள் காலத்தில் போரில் ஏற்படும் சேதத்தையும் ஸ்டாக்கில், அதாவது நிகழக் காத்திருப்பவற்றின் அடுக்கில், வைப்போம். மாக் ஃபனாட்டிக் என்ற 1/1 கிரீச்சரைத் தடுப்பாக நிறுத்தி, அதன் சேதம் ஸ்டாக்கில் ஏறிய பிறகு அதையே சாக்ரிஃபைஸ் செய்து (நாமே கிரேவ்யார்டுக்கு அனுப்பி) இன்னொரு சேதத்தையும் கொடுப்போம். சேதம் என்பது ஸ்டாக்கில் காத்திருக்கும் தனிப் பொருள், அது இறங்கியதும் சாவு என்ற படம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த வழக்கம் இன்றும் உண்டா?

ஏழாம் அடுக்கு:

வருந்த வேண்டியதில்லை. விதிநூலையே படிக்காதவர்களைவிட, ஒரு காலத்தில் சரியாக இருந்த விதியை இன்னும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கும்போதுதான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. தங்கள் நினைவை ஐயப்பட அவர்களுக்குக் காரணம் இருப்பதில்லை.

போர்ச் சேதத்தை ஸ்டாக்கில் வைக்கும் முறை 2009ஆம் ஆண்டு, மேஜிக் 2010 தொகுப்போடு வந்த விதி மாற்றத்தில் நீக்கப்பட்டது. பயன்படுத்தாத மனாவுக்கு லைஃப் இழக்கும் மனா பர்னும் அதே மாற்றத்தில் போயிற்று. இன்று போர்ச் சேதம் ஒரே நேரத்தில் நேரடியாகப் பதிகிறது. நடுவில் யாரும் எதுவும் செய்ய முடியாது. உங்கள் மாக் ஃபனாட்டிக் தடுத்துச் சேதம் செய்யலாம், அல்லது அதற்கு முன்பே சாக்ரிஃபைஸ் ஆகிச் சேதம் செய்யலாம், இரண்டும் கிடையாது. நீங்கள் விட்டிருந்த காலத்தில் வேறு சிலவும் மாறியிருக்கின்றன. ஒரே பெயருள்ள லெஜண்டரி அட்டைகளைக் கட்டுப்படுத்தும் லெஜண்ட் விதி 2013இல் மாறி, எதிரெதிர் வீரர்கள் ஒரே லெஜண்டை ஆளுக்கொன்றாக வைத்திருக்க முடியும் என்றாயிற்று. 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் தொகுப்போடு, பல தடுப்பாளர்களை வரிசைப்படுத்தி அந்த வரிசையிலேயே சேதத்தைப் பகிர வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டது. இப்போது தாக்குபவர் சேதம் பதியும் நேரத்தில் தம் விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம்.

அட்டையில் அச்சான சொற்களுக்கும் இது பொருந்தும். பழைய லைட்னிங் போல்ட் ஒன்றில் கிரீச்சர் அல்லது வீரர் என்று இலக்கு குறிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் 2018 முதல் அதன் அதிகாரபூர்வ வாசகம் எந்த இலக்கும் என்பதுதான். பிளேன்ஸ்வாக்கர் என்ற வகை அட்டையையும் நேரே குறி வைக்கலாம். அந்தத் தங்கை மகனின் டார்மகோய்ஃப் 2007இல் வந்த ஃபியூச்சர் சைட் தொகுப்பைச் சேர்ந்தது என்றால், அடைப்புக்குறிக்குள் அட்டை வகைகளின் பட்டியல் ஒன்று அச்சாகியிருக்கும். அதில் 2023இல் வந்த பேட்டில் என்ற வகை இருக்க வழியில்லை. ஆனால் கிரேவ்யார்டில் ஒரு பேட்டில் கிடந்தால் டார்மகோய்ஃப் அதையும் எண்ணும். அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் வருவது நினைவூட்டல் மட்டுமே. அதற்கு விதியின் வலிமை இல்லை. ஆகவே வழக்கு எழுந்தால் நாணயத்தைத் தேடாமல், முதலில் கேதரர் என்ற அதிகாரபூர்வ அட்டைத் தளத்தில் அந்த அட்டையின் ஆரக்கிள் வாசகத்தை, அதாவது இன்று செல்லுபடியாகும் அதிகாரபூர்வ வாசகத்தை, தேடுங்கள்.

கேள்விக்குறி:

ஏழாம் அடுக்கு அக்கா, இதையே தொடர்ந்து இரண்டு கேள்விகள் கேட்கலாமா? முதலாவது: டார்மகோய்ஃப் வைத்திருக்கும் வீரரிடமே லேலைன் ஆஃப் தி வாய்ட் இருந்தால் என்ன ஆகும்? எதிராளியின் கிரேவ்யார்டுக்குப் போக வேண்டிய அட்டை அதற்குப் பதிலாக எக்ஸைல் ஆகும், அதாவது ஆட்டத்திலிருந்து விலக்கப்படும், என்பது அந்த என்சான்ட்மென்ட்டின் (மேசையில் நிலைத்திருந்து செயல்படும் அட்டையின்) வாசகம். இரண்டாவது: போல்ட்டிலிருந்து தப்பி 3/4 ஆக நிற்கும் டார்மகோய்ஃபை அதே டர்னில் வேறு வழியில் வீழ்த்த முடியுமா? என்னிடம் ஸ்கேவெஞ்சிங் ஊஸ் இருக்கிறது.

ஞாயிறு ஆட்டம்:

அக்கா பதில் எழுதுவதற்கு முன் நான் முயன்று பார்க்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலாவது கேள்வியில், போல்ட் போடுபவர் லேலைன்காரரின் எதிராளி. ஆகவே போல்ட் ரிசால்வ் ஆகி முடியும்போது கிரேவ்யார்டுக்குப் போகாமல் எக்ஸைல் ஆகிவிடும். இன்ஸ்டன்ட் என்ற வகை கிரேவ்யார்டில் சேராது. சரிபார்ப்பு வரும்போது டார்மகோய்ஃப் இன்னும் 2/3, அதன் மீது மூன்று சேதம், சாகும். தன் என்சான்ட்மென்ட்டே தன் கிரீச்சருக்கு எமனாகிவிடுகிறது.

இரண்டாவதில், ஸ்கேவெஞ்சிங் ஊஸ் ஒரு பச்சை மனாவுக்கு ஏதேனும் ஒரு கிரேவ்யார்டிலிருந்து ஓர் அட்டையை எக்ஸைல் செய்யும். பதிந்த சேதம் டர்ன் முடியும்வரை அழியாது என்று நினைக்கிறேன். அப்படியானால் கிரேவ்யார்டில் ஒரே ஒரு லேண்ட் கிடக்கும்போது அதை எடுத்துவிட்டால் வகைகள் இரண்டாகிவிடும், டார்மகோய்ஃப் 2/3க்கு இறங்கிவிடும், முன்பே பதிந்த மூன்று சேதம் அப்போது அதைக் கொன்றுவிடும். சரியா?

ஏழாம் அடுக்கு:

இரண்டுமே சரி, காரணங்களும் சரி. சேதம் டர்னின் கடைசிக் கட்டமான க்ளீனப் ஸ்டெப் வரை நிற்கும். ஒரு சிறு சேர்க்கை மட்டும்: லேலைன் வழக்கில் செத்த டார்மகோய்ஃப் தன் உரிமையாளரின் கிரேவ்யார்டுக்கே போகும். லேலைன் எதிராளியின் அட்டைகளைத்தான் தடுக்கிறது.

செந்நிலா:

இழையைப் படித்துவிட்டு என் நெடுநாள் மனக்குறையை இங்கே வைக்கிறேன். நான் ப்ளட் மூன் வைத்து விளையாடுபவன். பேசிக், அதாவது அடிப்படை அல்லாத லேண்டுகள் எல்லாம் மவுண்டன் (சிவப்பு மனா தரும் அடிப்படை வகை) என்பது அதன் வாசகம். எதிராளி அர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத் என்ற லெஜண்டரி லேண்டை இறக்கினார்; ஒவ்வொரு லேண்டும் தன் மற்ற வகைகளோடு ஸ்வாம்ப்பாகவும் இருக்கும் என்பது அதன் திறன். அர்போர்க் பின்னால் வந்ததால் அதன் டைம்ஸ்டாம்ப் புதியது, ஆகவே எல்லா லேண்டும் ஸ்வாம்ப்பும் ஆகும் என்றார் அவர். அன்று கேட்டபோது, ப்ளட் மூன் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அர்போர்க் வேலை செய்யாது என்றுதான் தீர்ப்பு வந்தது. எனக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வாதம் இது. தொடர்ந்து செயல்படும் விளைவுகளை லேயர்களாகப் பிரித்து, எண் வரிசையில் கணக்கிட வேண்டும் என்பது 613ஆம் விதி. நகல் முதலாவது, கட்டுப்பாடு இரண்டாவது, வாசக மாற்றம் மூன்றாவது, வகை மாற்றம் நான்காவது, நிறம் ஐந்தாவது, திறன்களைக் கூட்டுவதும் நீக்குவதும் ஆறாவது, பவரும் டஃப்னஸும் ஏழாவது. லேண்டின் வகையை மாற்றுவதால் ப்ளட் மூனும் அர்போர்க்கும் நான்காம் லேயரைச் சேர்ந்தவை. அர்போர்க்கின் திறன் பறிபோவதோ திறன் நீக்கம், அதாவது ஆறாம் லேயர். ஆறாம் லேயர் வருவதற்கு முன் நான்காம் லேயரிலேயே அர்போர்க் தன் வேலையை முடித்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு திறனைப் பறித்து என்ன பயன்?

ஏழாம் அடுக்கு:

இந்த வாதத்தை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. லேயர்களைக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து முட்டும் இடம் இதுதான், நானும் முட்டினேன். உங்கள் வாதத்தில் ஒரே ஒரு கண்ணி தவறாக இருக்கிறது. அதைத் திருத்தினால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ப்ளட் மூனின் வாசகத்தை மறுபடி படியுங்கள். "திறன்களை இழக்கும்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பேசிக் அல்லாத லேண்டுகள் மவுண்டன் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அப்படியானால் அர்போர்க்கின் திறனைப் பறிப்பது யார்? விதி 305.7. ஒரு விளைவு ஒரு லேண்டை, மற்ற வகைகளோடு கூட என்று சொல்லாமல், பேசிக் லேண்ட் வகையாகவே ஆக்கிவிட்டால், அந்த லேண்ட் தன் பழைய லேண்ட் வகைகளையும் தன் மீது எழுதியிருக்கும் திறன்களையும் இழந்து, புதிய வகைக்குரிய மனா திறனைப் பெறும் என்கிறது அது. ஆகவே இந்த இழப்பு ஆறாம் லேயருக்குரிய தனிச் செயல் அன்று. வகை மாறுவதன் ஒரு கூறாக, வகை மாறும் அதே நொடியில், நான்காம் லேயரிலேயே அது நடந்துவிடுகிறது.

இப்போது ஒரே லேயரில் இரண்டு விளைவுகள் நிற்கின்றன. சாதாரணமாக டைம்ஸ்டாம்ப் பார்த்து, பழையது முதலில், புதியது பின்னால் என்று கணக்கிடுவோம். ஆனால் 613.8 ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. டிபெண்டன்ஸி என்று சொல்வார்கள். தமிழில் சார்பு எனலாம். ஒரே லேயரில் ஒரு விளைவை முதலில் செலுத்தினால் மற்றொரு விளைவு இருக்குமா இல்லையா, எவற்றின் மீது செல்லும், என்ன செய்யும் என்பதில் ஏதேனும் ஒன்று மாறிவிடுமானால், இரண்டாவது விளைவு முதலாவதைச் சார்ந்தது. அது காத்திருக்க வேண்டும். ப்ளட் மூனை முதலில் செலுத்தினால் அர்போர்க்கின் விளைவே இல்லாமல் போகிறது. அர்போர்க்கை முதலில் செலுத்தினாலோ ப்ளட் மூனுக்கு எதுவும் ஆவதில்லை. பேசிக் அல்லாத லேண்டுகள் அப்போதும் பேசிக் அல்லாதவையே. ஆகவே அர்போர்க் ப்ளட் மூனைச் சார்ந்தது, டைம்ஸ்டாம்ப் எதுவாக இருந்தாலும். அது காத்திருக்கிறது, அதன் முறை வரும்போது செலுத்துவதற்கு அதனிடம் திறனே எஞ்சியிருப்பதில்லை. மேசையில் அது அர்போர்க் என்ற பெயருடைய, லெஜண்டரியான, சிவப்பு மனா மட்டும் கொடுக்கும் ஒரு மவுண்டன். ஒரு லேண்டும் ஸ்வாம்ப் ஆகாது.

செந்நிலா:

305.7 தான் எனக்கு விடுபட்ட கண்ணி. இப்போது ஏற்கிறேன். ஆனால் ட்ரையட் ஆஃப் தி இலிசியன் குரோவ் வந்தபோது மட்டும் டைம்ஸ்டாம்ப் பார்த்தார்களே? அதுவும் என் எதிராளியின் லேண்டுகளுக்கு எல்லா பேசிக் வகைகளையும் கூட்டித்தானே கொடுக்கிறது?

ஏழாம் அடுக்கு:

ட்ரையட் ஒரு கிரீச்சர், லேண்ட் அன்று. ப்ளட் மூன் அதைத் தொடுவதில்லை, அதன் திறன் பறிபோவதில்லை, ஆகவே சார்பு இல்லை. சார்பு இல்லாத இடத்தில் டைம்ஸ்டாம்ப் திரும்பி வருகிறது. ட்ரையட் பிந்தியது என்றால் அந்த லேண்டுகள் முதலில் மவுண்டன் ஆகி, பிறகு எல்லா வகைகளும் ஆகும். ப்ளட் மூன் பிந்தியது என்றால் பேசிக் அல்லாதவை வெறும் மவுண்டன். பேசிக் லேண்டுகள் மட்டும் ட்ரையட் கொடுத்த வகைகளை வைத்துக்கொள்ளும்.

கேள்விக்குறி:

அக்கா, எனக்கு இப்போது வேறொரு குழப்பம் வந்துவிட்டது. ஒரு லேயரில் வேலையைத் தொடங்கிய விளைவு, பின்னால் அதன் திறன் பறிபோனாலும் தொடர்ந்து செயல்படும் என்று ஒரு விதி இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஹ்யூமிலிட்டி, ஓபலெசன்ஸ் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் அது தேவைப்படும் என்றார்கள். செந்நிலா அண்ணன் வைத்த வாதமும் ஏறக்குறைய அதுவே அல்லவா? அங்கே செல்லாத வாதம் இங்கே மட்டும் எப்படிச் செல்லும்?

ஏழாம் அடுக்கு:

அதே வாதம்தான், தம்பி. ப்ளட் மூன் வழக்கில் அது செல்லாமல் போனதற்குக் காரணம் வாதம் தவறானது என்பதன்று. திறன் இழப்பு அங்கே ஆறாம் லேயரில் நடக்கவில்லை என்பதுதான். ஹ்யூமிலிட்டி வழக்கில் அது உண்மையாகவே ஆறாம் லேயரில் நடக்கிறது. ஆகவே வாதம் செல்லும்.

மெதுவாகப் போகலாம், ஏனென்றால் இந்த இரண்டு அட்டைகள் கிளப்பிய விவாதம் மிக நீண்டது. ஹ்யூமிலிட்டி 1997இல் டெம்பெஸ்ட் தொகுப்பில் வந்தது: எல்லாக் கிரீச்சர்களும் எல்லாத் திறன்களையும் இழந்து, அடிப்படைப் பவரும் டஃப்னஸும் 1/1 ஆகும். ஓபலெசன்ஸ் 1999இல் உர்ஸாஸ் டெஸ்டினியில் வந்தது: தன்னைத் தவிர, ஆரா (வேறொன்றின் மீது ஒட்டிக்கொள்ளும் வகை) அல்லாத மற்ற ஒவ்வொரு என்சான்ட்மென்ட்டும் கிரீச்சராகவும் ஆகி, தன் மனா மதிப்புக்கு (அட்டையின் மொத்த மனாச் செலவுக்கு) சமமான பவரும் டஃப்னஸும் பெறும். ஹ்யூமிலிட்டியே ஓர் என்சான்ட்மென்ட். அதன் மனா மதிப்பு 4.

நான்காம் லேயரில் ஓபலெசன்ஸ் ஹ்யூமிலிட்டியைக் கிரீச்சர் ஆக்குகிறது. ஓபலெசன்ஸ் தன்னை விலக்கிக்கொள்வதால் அது கிரீச்சர் ஆவதில்லை. ஆறாம் லேயரில் ஹ்யூமிலிட்டி எல்லாக் கிரீச்சர்களின் திறன்களையும் பறிக்கிறது. இப்போது தானும் கிரீச்சர் என்பதால் தன் திறனையும் தானே பறித்துக்கொள்கிறது. இங்கேதான் நீங்கள் கேட்ட விதி வருகிறது. அதன் எண் 613.6: ஒரு விளைவு ஒரு லேயரில் செயல்படத் தொடங்கிவிட்டால், அதை உண்டாக்கிய திறன் இந்தக் கணக்கின் நடுவில் காணாமல் போனாலும், அதற்குரிய மற்ற லேயர்களிலும் அது தொடர்ந்து செயல்படும். ஹ்யூமிலிட்டி ஆறாம் லேயரில் தொடங்கிவிட்டது. ஆகவே ஏழாம் லேயரில் எல்லாவற்றையும் 1/1 ஆக்கும் பாதியையும் அது செய்து முடிக்கும்.

ஏழாம் லேயரில், பவரையும் டஃப்னஸையும் ஒரு குறிப்பிட்ட எண்ணாக வைக்கும் விளைவுகளுக்கு 7b என்று ஓர் உட்பிரிவு உண்டு. ஓபலெசன்ஸும் ஹ்யூமிலிட்டியும் அங்கே சந்திக்கின்றன. ஒன்று மற்றொன்றைச் சாரவில்லை; ஆகவே டைம்ஸ்டாம்ப். ஹ்யூமிலிட்டி பிந்தியது என்றால் கடைசிச் சொல் அதனுடையது: ஹ்யூமிலிட்டி உட்பட எல்லாக் கிரீச்சரும் 1/1. ஓபலெசன்ஸ் பிந்தியது என்றால் ஹ்யூமிலிட்டி 4/4 ஆக நிற்கும். க்ரிஸ்லி பேர்ஸ் போன்ற சாதாரணக் கிரீச்சர்கள் மட்டும் 1/1. அவை என்சான்ட்மென்ட் அல்ல என்பதால் ஓபலெசன்ஸ் அவற்றைத் தொடாது. இரண்டு நிலையிலும் எந்தக் கிரீச்சருக்கும் திறன் இராது.

காகிதத்தில் ஏழு வரிகள் இழுத்து, ஒவ்வொரு லேயருக்கும் ஒரு வரி என்று எழுதிக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். மனக்கணக்காகச் செய்தால் நான்காம் லேயரிலேயே தடுமாறிவிடுவோம். போட்டி மேசையில் நானும் காகிதத்தில்தான் செய்கிறேன்.

பழைய டெக்:

ஒரு நடைமுறைக் கேள்வி. போட்டியில் ஜட்ஜை அழைத்தால் அவர் முதலில் என்ன கேட்பார்? நான் திரும்பி வந்த பிறகு இன்னும் போட்டிக்குப் போகவில்லை, தயக்கமாக இருக்கிறது.

ஏழாம் அடுக்கு:

கையை உயர்த்தி அழைத்தாலே போதும். அழைப்பது எதிராளியை ஐயப்படுவதாக ஆகாது. அழைத்த பிறகு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிடுங்கள். அட்டைகளை நகர்த்தாதீர்கள், அது மிக முக்கியம். நான் வந்ததும் யார் சொல்வது சரி என்று கேட்பதில்லை. என்ன நடந்தது என்பதை முதலில் ஒருவரிடமும் பிறகு மற்றவரிடமும் கேட்கிறேன்: இது யாருடைய டர்ன், எந்த ஸ்டெப், ஸ்டாக்கில் என்ன இருந்தது, எது முதலில் அறிவிக்கப்பட்டது. பெரும்பாலும் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே இருவரில் ஒருவருக்கு விடை தெரிந்துவிடும். தீர்ப்பு உங்களுக்கு நிறைவளிக்காவிட்டால் தலைமை ஜட்ஜிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைக் கேட்டால் நாங்கள் தவறாக நினைப்பதில்லை. தயங்காமல் போய் வாருங்கள்.

ஞாயிறு ஆட்டம்:

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டுக்குப் போனதும், அட்டைகளைக் கலைப்பதற்கு முன், சென்ற வார ஆட்டத்தின் அந்தக் கட்டத்தை இருவரும் நினைவிலிருந்து மேசையில் மீண்டும் அடுக்கினோம். அவன் பக்கம் டார்மகோய்ஃப், பக்கவாட்டில் திருப்பி, தாக்கும் நிலையில். என் பக்கம் லேண்டுகள் மட்டும். கிரேவ்யார்டுகளில் கிரீச்சரும் லேண்டும். லைஃப் எழுதும் தாளில் என் பெயருக்குக் கீழே 3 என்று எழுதினேன். போல்ட்டை மறுபடி போட்டேன். இந்த முறை "செத்தது" என்று சொல்லாமல், போல்ட்டை எடுத்து என் கிரேவ்யார்டில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் வகைகளை விரல்விட்டு எண்ணினான். "கிரீச்சர், லேண்ட், இன்ஸ்டன்ட். 3/4. அப்போ சாகலை, மாமா" என்றான். ஆமாம், நீ சொன்னதுதான் சரி என்றேன். சரிபார்ப்பு எப்போது நடக்கிறது என்பதை அக்கா எழுதிய வரிசையிலேயே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

பவரைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனே டார்மகோய்ஃபைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, என் பக்கம் இருந்த தாளை இழுத்து, 3ஐ அடித்து அதன் கீழே 0 என்று எழுதினான்.